முன்வாசல் இடுகாடு: ஒரே ஃபோம் பலகையில் 6 கல்லறைக் கற்கள், பிள்ளைக்கு ஓர் அங்கி

அக்டோபர் 31 மாலை மிட்டாய் வாங்க வரும் பிள்ளைகள் உங்கள் வாசலைப் பார்ப்பது நடைபாதையில் நின்றுகொண்டு, இருட்டில், சுமார் 15 அடி தள்ளி. ஹாலோவீன் அலங்காரத்தில் எதற்கு மெனக்கெட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதை இந்த 15 அடிதான் தீர்மானிக்கிறது. உருவம் தெளிவாகத் தெரிய வேண்டும், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழ வேண்டும், காற்றுக்கும் மழைக்கும் சாயாமல் நிற்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் போதும். அருகில் போய்ப் பார்த்தால் மட்டும் தெரிகிற நுணுக்கங்களுக்கு ஒரு சனிக்கிழமையைச் செலவழிக்காதீர்கள்.

ஹோம் டிப்போ 2020-இல் 12 அடி எலும்புக்கூட்டை 299 டாலருக்கு விற்றதிலிருந்து பெரிய பொம்மைகள்மேல் எல்லோருக்கும் ஆசை. ஆனால் ஒற்றைப் பெரிய பொம்மையைவிட ஆறு கல்லறைக் கற்கள் முன்னும் பின்னுமாக நின்றால்தான் வாசல் நிறைகிறது. வீட்டில் எல்லோர் கைக்கும் வேலை கிடைப்பதும் அதில்தான். அதனால் முதல் வருடம் கற்களோடு தொடங்குங்கள்.

செப்டம்பர் இரண்டாம் வாரமே வேலையை ஆரம்பித்துவிட வேண்டும். காரணம் பெயிண்ட். பெரும்பாலான லேட்டக்ஸ் (தண்ணீரில் கலக்கும்) பெயிண்டுகள் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே சரியாகப் பிடிப்பதில்லை. வட மாநிலங்களிலும் கனடாவிலும் அக்டோபர் நடுவில் இரவுக் குளிர் அதைத் தாண்டி இறங்கிவிடும். அப்போது பூசிய பெயிண்ட் மேலே காய்ந்ததுபோல் இருந்து, முதல் மழையில் தோலாக உரியும்.

வாங்க வேண்டியவை (6 கற்களுக்கு)

- 2 இன்ச் தடிமன், 4×8 அடி எக்ஸ்பிஎஸ் (அழுத்தமான பாலிஸ்டைரின் ஃபோம்) இன்சுலேஷன் பலகை: 1
- 1/2 இன்ச் பிவிசி குழாய், 10 அடி: 2
- 3/8 இன்ச் ரீபார் (கான்கிரீட்டுக்குள் வைக்கும் இரும்புக் கம்பி), 2 அடித் துண்டுகள்: 12
- டிரைலாக் (நீர்க்கசிவு தடுக்கும் பெயிண்ட்), சாம்பல் நிறம்: 1 கேலன்
- வெளிப்புற லேட்டக்ஸ் பெயிண்ட், பளபளப்பு இல்லாதது, நடுச்சாம்பல்: 1 குவார்ட்
- கறுப்பு, வெளிர்சாம்பல் அக்ரிலிக் பெயிண்ட்: சின்னப் புட்டி ஒவ்வொன்று
- பாலியூரிதேன் பசை (கொரில்லா க்ளூவின் பழைய பழுப்பு வகை): 8 அவுன்ஸ்

பலகை கடைக்குக் கடை இளஞ்சிவப்பு, நீலம் என்று வேறு வேறு நிறத்தில் இருக்கும். நிறம் எதுவானாலும் ஒன்றுதான். மணி மணியாக உதிரும் வெள்ளைப் பலகை மலிவாகக் கிடைக்கிறது என்று அதை எடுக்க வேண்டாம். எழுத்து செதுக்கும்போது விளிம்பு முழுக்கப் பொரிப்பொரியாகப் பெயர்ந்து வரும். டெக்சஸ், ஃப்ளோரிடா பக்கம் 2 இன்ச் பலகை கடையில் இல்லாமல் போகலாம். அங்கே இருப்பவர்கள் முன்கூட்டியே ஆர்டர் போட்டுவிடுங்கள்.

கருவிகளில், அலகை நீளமாக நீட்டி, மழுங்க மழுங்க உடைத்துக்கொள்ளும் கத்தி ஒன்று வேண்டும். எழுத்துக்கு டிரெமெல் (சுழலும் முனையுள்ள சின்ன மின்கருவி) இருந்தால் பாதி நேரம் மிச்சம். பேட்டரியில் ஓடும் சின்னச் சூட்டுக்கம்பி வெட்டியை வாங்காதீர்கள். 2 இன்ச் பலகையில் பாதி வழியிலேயே கம்பி குளிர்ந்து நின்றுவிடும்.

பலகையை வெட்டுதல்

4×8 அடிப் பலகை காரில் நுழையாது. கத்தியையும் டேப்பையும் கையோடு எடுத்துப் போய்க் கடை வாசலிலேயே 96 இன்ச் நீளத்தை 32 இன்ச்சாக மூன்று துண்டு போடுங்கள். ஒவ்வொன்றும் 48×32 இன்ச், மினிவேனிலோ எஸ்யூவியிலோ படுத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு துண்டுகளில் ஒவ்வொன்றையும் 16 இன்ச் அகலத்தில் மூன்றாக வெட்டினால் 16×32 அளவில் ஆறு கற்கள். மூன்றாவது துண்டை 24×8 இன்ச்சாக வெட்டினால் எட்டுப் பீடங்கள். ஆறு பீடங்கள் போக மிஞ்சும் இரண்டைப் பத்திரமாக வையுங்கள். வாங்கிய ஒவ்வொரு பசையையும் பெயிண்டையும் முதலில் அவற்றில்தான் சோதிக்க வேண்டும்.

ஒரே இழுப்பில் அறுக்காதீர்கள். முதல் கோடு கால் இன்ச் ஆழம், பிறகு அதே கோட்டில் மூன்று நான்கு முறை. மேல்முனைகளை ஒவ்வொரு கல்லுக்கும் வேறு மாதிரி வெட்டுங்கள்: ஒன்று வளைவு, ஒன்று தோள் வைத்தது, ஒன்றில் மூலை உடைந்தது. ஆறும் ஒரே அச்சாக இருந்தால் கடையில் வாங்கியதுபோல் ஆகிவிடும்.

பலகையின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் ஏடு ஒட்டியிருக்கலாம். சில பலகைகளில் அது கண்ணுக்கே தெரியாது. ஒரு மூலையை நகத்தால் கிளப்பிப் பாருங்கள், வந்தால் முழுவதும் உரித்துவிடுங்கள். அது இருக்கும்வரை பெயிண்ட் ஃபோமில் ஒட்டாது, ஏட்டில்தான் ஒட்டும்.

எழுத்தும் விரிசலும்

திருஷ்டிப் பூசணியில் வரைகிற முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெரிய கண், ஒரு மீசை, பல் வரிசை, அவ்வளவுதான். ஆனாலும் தெருக்கோடியிலிருந்து தெரியும். கல்லில் எழுத்தும் அப்படி இருக்க வேண்டும். பெயர் 3 இன்ச் உயரம், கோட்டின் அகலம் குறைந்தது 3/8 இன்ச், ஆழம் அரை இன்ச். ஆழம் குறைந்தால் நிழல் விழாது. நிழல் விழாவிட்டால் இரவில் எழுத்தே இல்லை. நான்கு வரி வசனத்தைவிட ஒரு பெயரும் ஒரு வருடமும் நன்றாக எடுக்கும்.

தாளில் அச்செடுத்து, கல்லின்மேல் குண்டூசியால் குத்தி நிறுத்தி, எழுத்தின் ஓரமாகப் பேனாவை அழுத்தி ஓட்டினால் தடம் ஃபோமில் விழும். பத்து வயதுப் பிள்ளை இதைத் தனியாகவே செய்யும். ஐந்து வயதுக்காரருக்குப் பந்துமுனைப் பேனாவைக் கொடுத்து விரிசல் கீறச் சொல்லுங்கள். எக்ஸ்பிஎஸ்ஸில் பேனா ஆழமாகப் பதியும், கத்தி தேவையில்லை. தமிழில் எழுத விரும்பினால் சுழி இல்லாத எழுத்துகளாகத் தேர்ந்தெடுங்கள். "ப", "ட" போன்றவை கத்திக்கு இசையும். "ண", "ஞ" போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் சின்னத் துண்டு பெயர்ந்துவிடும், டிரெமெல் இல்லாமல் முயல வேண்டாம்.

எழுதும் பெயர் முழுக்கக் கற்பனையாக இருக்கட்டும். அந்தத் தெருவில் யாரோ ஒருவர் வீட்டில் சமீபத்தில் ஒரு சாவு நடந்திருக்கலாம்.

குழாயும் பீடமும்: நிதானமாகச் செய்ய வேண்டிய இடம்

ஃபோம் கல்லுக்கு எடையே கிடையாது. 32 இன்ச் உயரத்துக்கு ஒரு பாய்மரம்போல் நிற்கிறது. கடையில் விற்கும் கற்களோடு வரும் பிளாஸ்டிக் முளைகள் முதல் பலத்த காற்றிலேயே கல்லைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதனால் கல்லுக்குள் குழாய், குழாய்க்குள் தரையில் அடித்த கம்பி.

குழாய்களை 20 இன்ச் துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு 10 அடிக் குழாயில் சரியாக ஆறு வரும், இரண்டில் பன்னிரண்டு. ரம்பத்தால் அறுத்தால் கடைசித் துண்டு கொஞ்சம் குறையும், குழாய் வெட்டும் ராட்செட் கட்டரில் அந்தச் சேதம் இல்லை. கல்லின் முதுகில், கீழ்விளிம்பிலிருந்து 18 இன்ச் உயரத்துக்கு, பக்க விளிம்புகளிலிருந்து 3 இன்ச் உள்ளே, இரண்டு வாய்க்கால்கள் வெட்டுங்கள். அகலமும் ஆழமும் 7/8 இன்ச். 1/2 இன்ச் குழாய் என்று பெயர்தான், அதன் வெளிவிட்டம் 0.84 இன்ச். பெயரை நம்பி அரை இன்ச் வாய்க்கால் வெட்டினால் குழாய் உள்ளே போகாது.

இப்போது கல்லைப் பீடத்தின் நடுவில் நிறுத்தி, வாய்க்கால் வழியாகப் பென்சிலை விட்டுப் பீடத்தில் இரண்டு வட்டங்களைக் குறியுங்கள். அளந்து குறிப்பதைவிட இதுதான் பிசகாது. துளை போட ட்ரில் வேண்டாம், ஃபோமைப் பிய்த்துவிடும். ஒரு குழாய்த் துண்டின் வாயை அரத்தால் உள்பக்கமாகக் கூராக்கி, அழுத்தித் திருகினால் கேக் வெட்டுவதுபோல் சுத்தமாகத் துளை விழும்.

ஒட்டும் முன் குழாயை உப்புத்தாளால் நன்றாகத் தேயுங்கள். பளபளப்பான பிவிசியில் இந்தப் பசை சரியாக நிற்காது. வாய்க்காலை ஈரத்துணியால் துடைத்து (இந்தப் பசை ஈரத்தில்தான் இறுகும்), மெல்லிய கோடாகப் பசையை விட்டு, 2 இன்ச் வெளியே நீட்டியிருக்குமாறு குழாயை வையுங்கள். அந்த 2 இன்ச்தான் பீடத்துக்குள் இறங்கும் பகுதி. மேலே டேப் ஒட்டி, புத்தகக் கட்டு ஒன்றை ஏற்றி வையுங்கள். பாலியூரிதேன் பசை மூன்று மடங்குக்கு மேல் பொங்கும். பாரம் இல்லையென்றால் மறுநாள் காலை குழாய் வாய்க்காலை விட்டு எழும்பியிருக்கும். கல்லையும் பீடத்தையும் மட்டும் ஒட்டாதீர்கள். பிரித்து வைத்தால்தான் அடுத்த வருடத்துக்கு அடுக்க முடியும்.

தரையில் கம்பி அடிக்கும்போது பீடத்தையே அச்சாக வையுங்கள். பீடத்தைக் கல் நிற்கப்போகும் இடத்தில் போட்டு, இரண்டு துளைகளின் நடுவிலும் கம்பியைச் செங்குத்தாக 12 இன்ச் இறக்குங்கள். மேலே 12 இன்ச் நிற்கும். பீடத்தின் இரண்டு இன்ச் போக 10 இன்ச் கல்லுக்குள் ஏறும். கண்ணளவில் அடித்தால் ஒரு கம்பி அரை இன்ச் சாய்ந்தாலும் இரண்டாவது குழாய் இறங்காது.

3/8 இன்ச் கம்பி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 1/2 இன்ச் கம்பியும் குழாய்க்குள் நுழையத்தான் செய்யும். ஆனால் சுத்தியல் பட்டதும் கம்பியின் தலை காளான்போல் விரியும், அதன்பின் குழாய் ஏறாது. பன்னிரண்டு தலைகளையும் அரத்தால் ராவிக்கொண்டு நிற்க வேண்டி வரும்.

அமெரிக்காவில் கம்பி அடிப்பதற்குச் சில வேலைநாட்களுக்கு முன் 811-ஐ (நிலத்தடியில் ஓடுவதைக் குறித்துத் தரும் சேவை) அழையுங்கள், இலவசம். ஒன்டாரியோவில் அதே வேலைக்கு ஒன்டாரியோ ஒன் கால். அவர்கள் கேஸ், மின்சாரம் போன்ற பொதுக் குழாய்களைத்தான் குறித்துத் தருவார்கள். உங்கள் தோட்டத்து ஸ்பிரிங்க்ளர் குழாய் எங்கே ஓடுகிறது என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கல் ஏற்றாத நேரத்தில் கம்பித் தலைகளில் டென்னிஸ் பந்தைக் கீறிச் செருகிவிடுங்கள். பிள்ளைகள் ஓடும் இடம் அது.

பெயிண்ட்: ஸ்ப்ரே டப்பாவை எடுக்காதீர்கள்

புதிதாகச் செய்கிறவர்களின் கற்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். ஸ்ப்ரே பெயிண்டில் இருக்கும் கரைப்பான் பாலிஸ்டைரினைக் கரைக்கும். அடித்த சில நொடிகளில் கல் அமிலம் பட்டதுபோல் குழிந்து உருகும். லேட்டக்ஸ் பூசிய பிறகு ஸ்ப்ரே அடிக்கலாம் என்பார்கள். பூச்சில் ஓர் ஊசித்துளை விட்டுப்போயிருந்தாலும் அதன் வழியே உள்ளே இறங்கி, மேல்தோல் அப்படியே இருக்க அடியில் பொந்தாகிவிடும். எழுத்தின் உள்மூலைகளில்தான் அப்படிப்பட்ட துளைகள் அதிகம். சாதாரணக் கட்டுமானப் பசைகள் பலவற்றிலும் இதே கரைப்பான் உண்டு. ஃபோமுக்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருந்தால் மட்டுமே வாங்குங்கள்.

முதல் பூச்சு டிரைலாக். அடித்தளச் சுவர்களில் நீர் கசியாமலிருக்கப் பூசுவது அது. கெட்டியாக, நறநறவென்று மணல் கலந்ததுபோல் இருக்கும். ஒரே பூச்சில் ஃபோம் கல்லாகத் தெரியத் தொடங்கும். முன், பின், விளிம்பு, அடி எல்லாம் சேர்த்து ஆறு கற்களுக்கும் பீடங்களுக்கும் ஏறக்குறைய 72 சதுர அடி, ஒரு கேலன் அதற்குச் சரியாக இருக்கும். அடிப்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். மறுநாள் நடுச்சாம்பல் லேட்டக்ஸ் ஒரு பூச்சு.

அது காய்ந்ததும் பழமை ஏற்றும் வேலை, பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. ஒரு பங்கு கறுப்பு அக்ரிலிக்கில் ஐந்து பங்கு தண்ணீர் கலந்து, ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, நிறுத்தி வைத்த கல்லின் உச்சியில் மட்டும் அடியுங்கள். தானாக வழிந்து எழுத்துக் குழிகளில் தேங்கும். துடைக்கக் கூடாது. ஒரு மணி நேரம் கழித்து, ஸ்பாஞ்சில் வெளிர்சாம்பலைத் தொட்டு, தாளில் ஒற்றிப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, மேடான இடங்களில் மட்டும் லேசாகத் தடவுங்கள். குழியில் இருட்டு, மேட்டில் வெளிச்சம். 15 அடியில் நிஜக் கல் என்று கண்ணை நம்ப வைப்பது இந்த வேறுபாடுதான். பளபளப்புள்ள பெயிண்ட் எதையும் கடைசிப் பூச்சாகப் போடாதீர்கள். விளக்கு பட்டதும் பிளாஸ்டிக் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

எலும்புக்கூட்டுக்குத் தோல்

கற்களுக்கு நடுவே ஒரு 5 அடிப் பிளாஸ்டிக் எலும்புக்கூடு இருந்தால் நல்லது. ஆனால் கடை வெள்ளையில் அது பொம்மைதான். பெயிண்ட் அடிக்கும்போது தரையில் விரிக்கிற மிக மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் வைத்து நகர்த்திக்கொண்டே இருங்கள். பிளாஸ்டிக் சுருங்கி எலும்போடு ஒட்டி, ஆங்காங்கே கிழிந்து காய்ந்த தோல்போல் ஆகும். பிறகு அடர்பழுப்பு வுட் ஸ்டெயினைப் பூசிப் பாதியைத் துடைத்தெடுங்கள்.

எலும்புக்கூடு உட்கார வேண்டுமா, நிற்க வேண்டுமா என்பதைச் சூடு காட்டும் முன்பே முடிவுசெய்யுங்கள். தோல் சுருங்கியதும் மூட்டுகள் இறுகிவிடும், மடக்கினால் கிழியும். ஒரே இடத்தில் நிறுத்தினால் விலா எலும்பே வளையும். புகை வரும், ஆகவே வெளியே வைத்து, பெரியவர்கள் மட்டும் செய்ய வேண்டியது. எண்ணெய் ஸ்டெயின் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவே கூடாது, தானாகத் தீப்பிடிக்கும். வெளியே தனித்தனியாக விரித்து முழுக்க உலர்த்திய பிறகுதான் அப்புறப்படுத்த வேண்டும்.

பிள்ளைக்கு அங்கி

இடுகாட்டுக்குப் பொருத்தம் தலைமூடியோடு ஒரு கறுப்பு அங்கி. துணி போலார் ஃப்ளீஸ்தான், வேறு யோசிக்க வேண்டாம். வெட்டிய இடம் நூல் பிரியாது, ஆகவே ஓரம் அடிக்கத் தேவையில்லை. குளிருக்கு ஜாக்கெட் போட்டு அதன்மேலும் மாட்டலாம்.

தோளிலிருந்து கணுக்காலுக்கு 34 இன்ச் இருக்கும் பிள்ளைக்கு 60 இன்ச் அகலத் துணியில் 2¼ கஜம் எடுங்கள். நீளவாட்டு விளிம்பின் நடுவில் நூலை ஊன்றி, 5 இன்ச் ஆரத்தில் கழுத்துக்கு ஓர் அரைவட்டம், 39 இன்ச் ஆரத்தில் கீழ்விளிம்புக்கு ஓர் அரைவட்டம். இரண்டையும் வெட்டினால் அங்கி முடிந்தது. மீதியில் தலைமூடி. கீழ்விளிம்பைப் பிள்ளையே கிழிசல் கிழிசலாகக் கத்தரிக்கட்டும். ஷூவோடு நிற்கவைத்துப் பார்த்தால் தரைக்கும் துணிக்கும் 4 இன்ச் இடைவெளி வேண்டும், படியேறும்போது தடுக்காது. கழுத்தில் நாடா வேண்டாம், வெல்க்ரோ வையுங்கள். எங்காவது மாட்டினால் தானே விடுபடும்.

முதுகில் எலும்பு வரி வேண்டுமானால் பிரதிபலிக்கும் டேப்பைத் தைத்துவிடுங்கள். கார் விளக்கில் எலும்புக்கூடாக ஒளிரும், ஓட்டுநருக்கும் பிள்ளை தெரியும். இஸ்திரி வைத்து ஒட்டும் வகையை ஃப்ளீஸில் முயலாதீர்கள், துணி உருகிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். முகமூடிக்குப் பதில் முகச்சாயம், அதையும் இரண்டு நாள் முன்பே முழங்கையின் உட்புறத்தில் தடவிப் பாருங்கள்.

2024-இல் தீபாவளியும் அக்டோபர் 31-இலேயே வந்தது. வேறு வருடங்களில் ஏறக்குறைய இரண்டு வாரம் வரை முன்பின்னாக வரும். வாசலில் அகல் ஏற்றும் வீடுகள் அன்று மாலை மட்டும் எல்இடி அகல் வையுங்கள். தொளதொள அங்கியோடு குனிந்து மிட்டாய் எடுக்கிற பிள்ளையின் துணி எட்டும் உயரத்தில் நெருப்பு இருக்கக் கூடாது.

விளக்கு

நேர் முன்னாலிருந்து வெள்ளை விளக்கு போட்டால் இத்தனை செதுக்கலும் தட்டையாகிவிடும். நிறம் மாற்றும் எல்இடி ஃப்ளட் விளக்கு இரண்டு போதும். ஒன்று நீலம், இடப்பக்கத்தில் தரையோடு தரையாக, கற்களைச் சாய்வாகத் தழுவும்படி. இன்னொன்று பச்சையோ ஆரஞ்சோ, எலும்புக்கூட்டின் மேல் மட்டும். விளக்கின் முகம் நடைபாதைப் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது. வீட்டுக்கு நடந்து வரும் பாதைக்குத் தனியாகச் சாதாரண வெளிச்சம் கொடுங்கள், வயர் எதுவும் அதைக் குறுக்கிடக் கூடாது. வெளிப்புறத்துக்கு என்று குறித்த எக்ஸ்டென்ஷன் வயர், மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பிளக், இணைப்புகள் தரையில் படாமல் கொஞ்சம் உயரத்தில். இவற்றில் சமரசம் வேண்டாம்.

பின்சேர்க்கை 1: புகை இயந்திரம் வாங்கியும் புகை கல்லைச் சூழாமல் மேலே போகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். சூடாக வெளிவரும் புகை மேலேதான் போகும். ஒரு பழைய ஐஸ் பெட்டியின் இரண்டு பக்கமும் துளையிட்டு, உள்ளே 10 பவுண்டு பையில் இரண்டு ஐஸ் கொட்டி, புகையை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் வெளியேற்றுங்கள். குளிர்ந்த புகை தரையில் தவழும். இயந்திரத்தின் வாயைத் துளையோடு ஒட்டி வைக்காமல் இரண்டு இன்ச் தள்ளி வைத்தால் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். ட்ரை ஐஸ் வேண்டாம், பிள்ளைகள் கை வைக்கும் உயரம் அது. காற்றடிக்கும் இரவில் எந்தப் புகையும் நிற்காது. 1000 வாட் இயந்திரம் 120 வோல்ட்டில் 8 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல் இழுக்கும். 15 ஆம்பியர் லைனில் அதோடு ஸ்பேஸ் ஹீட்டர் எதையும் சேர்க்காதீர்கள்.

பின்சேர்க்கை 2: பேய்க்குப் பழைய மல் வேட்டியைக் கஞ்சி போட்டு விறைக்க வைக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: வீட்டுக்குள் என்றால் அருமையாக நிற்கும். வெளியே ஒரு தூறலில் தொய்ந்துவிடும், எறும்பும் வரும். வெள்ளைப் பசைக்கும் மழையில் அதே கதி. தக்காளிச் செடிக்கு வைக்கும் கம்பிக்கூண்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, கால்களை உச்சியில் சேர்த்துக் கட்டி, உள்ளே எல்இடி சரத்தைச் சுற்றி, வேட்டியை அப்படியே மேலே போர்த்துங்கள். விறைப்பே தேவையில்லை. கூண்டின் அடி வளையத்தை 6 இன்ச் தோட்ட முளைகள் நான்கால் தரையோடு பிடித்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 3: நவம்பரில் எடுத்துவைக்கும்போது ஒவ்வொரு கல்லின் அடியிலும் அதன் பீடத்தின் அடியிலும் ஒரே எண்ணை எழுதுங்கள். துளைகள் கையால் போட்டவை, ஒரு கல்லின் குழாய் இன்னொன்றின் பீடத்தில் இறங்காது. வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள், பெயிண்ட் பெயர்ந்த இடங்களில் ஃபோம் மஞ்சளாகிப் பொடியாக உதிரும். கராஜில் சுவரோடு நிமிர்த்தி, இரண்டு கற்களுக்கு இடையே ஒரு பழைய போர்வை.